ஐஸ் வண்டியில் ஊர்வலம் போன பலகை

பிள்ளைகளே, போன வாரம் மலாக்கா ஆயர் குரோவில் உங்கள் அலுவலகத்துக்கு என்னை அழைத்துக் காப்பி கொடுத்தீர்கள். அந்த அறை அவ்வளவு குளிராக இருக்கும் என்று தெரிந்திருந்தால் சால்வை எடுத்து வந்திருப்பேன். சளி பிடித்துவிடுமோ என்ற கவலையில் நீங்கள் காட்டியதில் பாதிதான் மனதில் நின்றது. ஆனாலும் முக்கியமானது புரிந்தது. இணையத்தில் கொட்டிக் கிடக்கிற கட்டுரைகளில் பொருளாதாரம், அறிவியல், மனித மனம் என்று யோசிக்க வைப்பவற்றைப் பொறுக்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்கெல்லாம் அனுப்புகிறீர்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று ஒரு தங்கச்சி கேட்டது. பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதித் தருகிறேன்.

இதே வேலையை நானும் செய்தேன். இணையம் இல்லை, கத்தரிக்கோலும் பசையும் இருந்தன.

மெர்டேக்கா சமயம் அது, மலாயாவுக்குச் சுதந்திரம் வரவிருந்த நேரம். காஜா பெராங்கில் எங்கள் படிப்பகத்தின் வெளிச்சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருக்கும். இடித்துப்போட்ட ஏதோ ஒரு கடையின் கதவு அது. கைப்பிடி இருந்த ஓட்டைகூட அப்படியே இருக்கும். அதன் மேல் மூன்று தலைப்புகள் எழுதி வைத்திருந்தோம்: காசு, உலகம், மனசு. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் மதராஸிலிருந்தும் வருகிற பத்திரிகைகளைப் படித்து, நல்ல கட்டுரையாக வெட்டி, அந்தந்தத் தலைப்பின் கீழே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏற்றுவோம். சாயங்காலம் ஆள் கூடும். படிக்கத் தெரிந்தவர்கள் நின்றுகொண்டு படிப்பார்கள். தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து மலாக்காச் செட்டி மக்களும் வருவார்கள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறினவர்கள். கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், பெயர் எல்லாம் நம் பெயர்தான். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவர்களுக்காக ஒவ்வொரு கட்டுரையையும் மலாயில் திருப்பிச் சொல்வது என் பொறுப்பு.

சடங்கானதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். படிப்பு நின்றதே தவிர கவலை நிற்கவில்லை. மழை வந்தால் பலகை நனையுமே என்று பயம். வெயில் அடித்தால் காகிதம் மஞ்சளாகுமே என்று பயம். இரண்டும் இல்லாத நாளில், இப்படி ஒன்றும் ஆகாமல் இருக்கிறதே, ஏதோ வரப்போகிறது என்று பயம். படிப்பகத்தை நடத்தியவருக்கு என் பயங்கள் எல்லாம் அத்துப்படி. அவரை ஊரே 'கத்தரி ஐயா' என்றுதான் கூப்பிடும். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் கத்தரிக்கோல் வைத்திருப்பார். நான் எதையாவது ஆரம்பித்தால், "சரி, இன்னைக்கு எது இடியப்போகுது?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

எங்கள் வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. உங்களுக்கு அது தேவைப்படாது. உங்கள் கட்டுரைக்கு முதுகு கிடையாது. எங்கள் காகிதத்துக்கு முதுகு உண்டு. பத்திரிகை ஒரே பிரதிதான் வரும். கட்டுரை ஒரு பக்கத்தோடு முடிந்தால் பசை. தாளின் பின்பக்கத்துக்கும் ஓடினால் மேல் ஓரத்தில் மட்டும் ஆணி, அப்போதுதான் வாசகர் தூக்கிப் பின்னால் படிக்க முடியும். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுக்கும்போது நாங்கள் கேட்டுக்கொள்வது அதுதான்: ஆணியா, பசையா?

பசை என்றால் சாதாரணப் பசை இல்லை. மரவள்ளி மாவைக் காய்ச்சி, கரப்பான் அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டுவது. ஒட்டினால் ஒட்டினதுதான். அடுத்த வாரம் பழைய துண்டுகளைச் சுரண்டி எடுப்பதற்குள் என் நகமெல்லாம் நீலமாகிவிடும்.

அந்த வாரம் ஊரே தலைகால் புரியாமல் திரிந்தது. கடை வாசலில் எல்லாம் புதுக் கொடி, வண்ணத் தாள், எங்கே பார்த்தாலும் பூசிய சுண்ணாம்பு வாசம். கத்தரி ஐயாவும் ஊர்வலக் கூட்டம், பேச்சுப் போட்டி என்று ஓடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சு வாங்க வந்து, 'காசு' தலைப்புக்கென்று ஒரு கட்டுரையை எடுத்தார். ரப்பரைப் பற்றியது. தொழிற்சாலையில் செய்கிற செயற்கை ரப்பர் வந்துவிட்டது, இனிமேல் மரத்து ரப்பரை யார் வாங்குவார்கள் என்று வரிசையாகக் காரணம் அடுக்கியிருந்தது. பக்கத்தின் அடியில் வாக்கியம் அழகாக முடிந்திருந்தது. அவர் ஓரங்களைச் சீராக வெட்டி எறிந்தார், பசையைத் தடவினார்.

பின்னால் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். கேட்டேன்தான். ஆனால் அன்று காலையிலிருந்து பலகையின் கொக்கியைப் பற்றிக் கேட்டிருந்தேன், பசை பதம் பற்றிக் கேட்டிருந்தேன், அவர் சைக்கிள் பிரேக்கைப் பற்றியும் கேட்டிருந்தேன். நூறு கவலைக்கு நடுவே ஒரு நல்ல கவலை வந்தால் அதற்கு என்ன மரியாதை இருக்கும்? "பாத்தாச்சும்மா," என்று சொல்லிக்கொண்டே அழுத்தி ஒட்டிவிட்டார்.

சாயங்காலம் அதை மலாயில் சொன்னபோது முன் வரிசை பெஞ்சில் அர்ஜுனன் பிள்ளை உட்கார்ந்திருந்தார். துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கிற செட்டிக்காரர். புக்கிட் ரம்பாயில் அவருக்கு ஒரு துண்டு ரப்பர்த் தோட்டம், அவர் தாயார் விட்டுப்போனது. குடும்பத்துக்கென்று இருந்த சொத்தே அதுதான். ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அதை வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கொடுப்பதா வேண்டாமா என்று பிள்ளையும் கொஞ்ச காலமாகவே ஊசலாடிக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் சொல்லி முடித்ததும் ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்று நான் முடித்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை, அலுவலகங்களுக்கு அரை நாள். நான் படிப்பகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பிள்ளையின் மனைவி வந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அடிக் என்பார், தங்கை மாதிரி. அவர் கணவரை நான் அபாங் என்பேன், அண்ணன் மாதிரி. என் வீட்டுக்காரருக்கு நேற்று என்ன வாசித்தாய் என்று மலாயில் கேட்டார். மனிதர் இரவு சாப்பிடவில்லையாம். காலையில் நிலத்துப் பட்டாவை, கிராண்டை, எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைத் தெரு வக்கீல் ஆபீசுக்குப் போய்விட்டாராம். தவுக்கேயும் அங்கேதான் வருகிறாராம். பத்திரிகையே சொல்லிவிட்டது, இனி யோசிக்க ஒன்றுமில்லை என்றாராம்.

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே என் துடைப்பத்தில் வெட்டி எறிந்த காகித ஓரங்கள் சுருண்டு வந்தன. மெல்லிய ஒரு நாடாவில் பொடி எழுத்து. குனிந்து எடுத்தேன். 'மறுபக்கம் பார்க்க' என்று அச்சடித்திருந்தது.

கட்டுரை பின்பக்கத்துக்கும் ஓடியிருக்கிறது, அதை நாங்கள் பசை போட்டு மூடிவிட்டோம். ஆனால் ஒரு விசித்திரம் சொல்கிறேன் கேளுங்கள்: இத்தனை நாள் பயந்ததெல்லாம் நடக்காமலே போனபோது இருந்த படபடப்பு, நடந்தே விட்டபோது இல்லை. மண்டை பளிச்சென்று தெளிந்துவிட்டது.

கத்தரி ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். நாடாவைக் காட்டினேன். அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயிற்று. உடனே சைக்கிளைத் திருப்பி, நான் போய்ச் சொல்லி நிறுத்துகிறேன் என்றார். என்னவென்று சொல்வீர்கள் என்றேன். பின்பாதி இருக்கிறது என்பேன் என்றார். பின்பாதியில் என்ன இருக்கிறது என்றேன். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அது பலகையின் மேல் முகம் குப்புறப் படுத்திருந்தது. அச்சடித்ததைக் கேட்டுத்தான் மனிதர் கிளம்பியிருக்கிறார். நம் வாய்ப்பேச்சுக்கா நிற்பார்? அச்சடித்ததைத்தான் காட்ட வேண்டும்.

அவர் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பப் பார்த்தார். பொடிப்பொடியாக வந்தது. ஈரத்துணி போட்டு ஊற வைத்தால் வரும், ஆனால் ஊறுகிற நேரத்தில் அங்கே கையெழுத்து விழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஐஸ் வண்டி வந்தது. முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். பெட்டியில் பெரிய பெரிய ஐஸ் கட்டி, மேலே சொட்டச் சொட்டச் சாக்கு. ஆற்றங்கரைப் பக்கத்துக் காப்பிக் கடைகளுக்குக் கொண்டுபோகிற சீனக் கிழவர். எனக்கு எப்படித்தான் தைரியம் வந்ததோ, நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டேன். ஆ பெக், பெரியவரே, இந்தப் பலகையை ஏற்றிக்கொள்ளுங்கள், சாக்கை அதன் மேல் போடுங்கள், போகிற வழியிலேயே ஊறட்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அழுகிற அக்காவைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். "ஐஸ் உருகினா நீ வந்து காப்பிக் கடைக்காரன்கிட்ட திட்டு வாங்கு," என்றார் மலாயில். சரி என்றேன். திட்டு வாங்குவது எனக்குப் புதிதா?

கொக்கியிலிருந்து பலகையை இறக்கினோம். பெட்டியின் குறுக்கே கிடத்தினோம். ரப்பர்க் கட்டுரையின் மேல் ஈரச்சாக்கு. மற்ற கட்டுரைகள் நனையுமே என்று வாயெடுத்தேன். போனால் போகிறது என்றார் ஐயா, தள்ளிக்கொண்டே.

இனிமேல் நடந்ததை எழுத எழுத எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பலகையை இறக்கியபோதும் அதன் முன்னால் வாசகர்கள் சிலர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கூடவே நகர்ந்தார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர் 'மனசு' தலைப்பில், தெரிந்தவர்கள் பெயர் நமக்கு ஏன் மறந்துபோகிறது என்ற கட்டுரையில் மூழ்கியிருந்தார். வண்டியோடு குனிந்தபடியே நடந்து வந்தார். "மெதுவாப் போங்கண்ணே, கடைசிப் பத்திதான் பாக்கி," என்று ஐயாவிடம் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு தபால்காரர், அடிவானத்து நிலா மட்டும் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று படித்துக்கொண்டே சைக்கிளை உருட்டினார். அவர் போக வேண்டிய தெரு எதிர்த் திசையில்.

முன்னால் ஐஸ் வண்டி, மேலே பலகை, பின்னால் குனிந்த தலைகள், ஓரத்தில் அக்கா, நடுவில் 'ஐயோ பள்ளம், ஐயோ மாடு' என்று நான். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? மெர்டேக்கா ஊர்வலத்துக்கு ஒத்திகை என்று நினைத்தார்கள். ஒரு மலாய்க்காரர் கடையிலிருந்து கொடியோடு இறங்கிவந்து சேர்ந்துகொண்டார். அடுத்த முனையில் மேளத்தோடு சிலர். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் எங்கள் ஊரில் யாருமே அப்படிக் கேட்கவில்லை.

ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்தபோது மேளச் சத்தத்தில் ஜன்னல்கள் திறந்தன. வக்கீல் ஆபீஸ் இருந்தது மாடியில். குமாஸ்தா எட்டிப் பார்த்தார், அவருக்குப் பின்னால் தவுக்கே, தவுக்கேயின் தோளுக்கு மேல் கையில் பேனாவோடு அர்ஜுனன் பிள்ளை. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார். கீழே தன் மனைவி நிற்பதைப் பார்த்ததும், "அலாமாக்," என்றார், ஐயையோ என்கிற மாதிரி.

கையெழுத்துப் போட்டாச்சா என்று அக்கா கத்தினார். இன்னும் இல்லை என்று பேனாவை ஆட்டினார். இறங்கி வாருங்கள், கட்டுரை இன்னும் முடியவில்லை என்றேன் நான். அவர் இறங்கி வந்தார். தவுக்கேயும் வந்தார், என்ன கட்டுரை என்று அவருக்கும் ஆசை.

சாக்கை எடுத்தேன். காகிதம் ஊறிப் பால்கோவா மாதிரி ஆகியிருந்தது. கத்தரி ஐயா கத்தரிக்கோலின் மழுங்கிய பக்கத்தை அடியில் செலுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையான கையை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. தாள் முழுசாக வந்தது. திருப்பி ஐஸ் கட்டியின் மேல் விரித்தார். பின்பாதி நீலம் பாரித்து, ஆனால் தெளிவாகக் கிடந்தது.

அது எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி பேசியது. செயற்கை ரப்பர் எல்லா வேலைக்கும் ஆகாது. கனமான வண்டிகளின் டயருக்கு மரத்து ரப்பர்தான் தாங்கும். உலகத்தில் வண்டிகள் பெருகிக்கொண்டே போகும். நான் வரிக்கு வரி மலாயில் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் விரிந்தது. பிள்ளை பேனாவை மூடினார். தவுக்கே தொண்டையைச் செருமினார்.

இன்னும் ஒரு பத்தி இருந்தது. கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லியாயிற்று, இதில் எது பலிக்கும் என்பது இதை எழுதுகிறவனுக்கும் தெரியாது என்று முடித்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஐயாவும் அதைப் படித்துவிட்டார். "இதோட போதும், நிறுத்தும்மா," என்றார் தமிழில், குரலைத் தாழ்த்தி.

பிள்ளைகளே, உங்கள் வேலையில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். அங்கேயே நிறுத்தினால் நிலம் தப்பிக்கும், அக்கா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார், மேளம் அடிப்பார்கள். படித்தால், தெரியாதென்றால் பிறகு எதற்கு வைத்துக்கொண்டு மாரடிப்பது என்று மனிதர் மாடியேறிவிடலாம். அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. ஐயா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் முந்தின நாள் பாதியைக் கொடுத்துத்தான் இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். இப்போது முக்காலைக் கொடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா? நிலம் அவருடையது. நல்லதோ கெட்டதோ, கடைசிப் பத்தியும் அவருடையதுதான். படித்தேன்.

மேளக்காரர்கள்கூடக் குச்சியை இறக்கிவிட்டார்கள்.

"தக் தாவு?" என்று கேட்டார் அர்ஜுனன் பிள்ளை. தெரியாதாமா?

ஆமாம் அபாங், தெரியாதாம் என்றேன்.

அவர் தாளைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது, ஆனாலும் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எனக்குப் பதறியது. சிரித்துக்கொண்டிருந்தார். "எழுதுறவனுக்கே தெரியாதா? எனக்கு மட்டும்தான் தெரியலைன்னு நெனச்சு இத்தனை நாளாத் தூங்காமக் கெடக்கேன், அடிக்," என்றார். பிறகு தவுக்கே பக்கம் திரும்பி, நீங்கள் வாங்குகிறீர்களே, உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டார்.

தவுக்கே நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "தக் தாவு," என்றார். "தெரிஞ்சிருந்தா அவ்வளவு கம்மி விலைக்கா கேட்டிருப்பேன்?"

தெருவே சிரித்தது. ஐஸ்காரக் கிழவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடியில் குமாஸ்தா சிரித்தார். தான் சொன்னதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த தவுக்கேயும் கடைசியில் சிரித்துவிட்டார். பிள்ளை பேனாவைக் குமாஸ்தாவிடம் கொடுக்கச் சொல்லித் தவுக்கே கையிலேயே தந்தார். இரண்டு பேருக்கும் தெரியாதென்றால் தெரியாதவனுடைய நிலம் தெரியாதவனிடமே இருக்கட்டும், மரத்துக்காவது என்னைத் தெரியும் என்றார். தவுக்கே கோபித்துக்கொள்ளவில்லை. இந்தப் பலகையை எங்கே மாட்டுவீர்கள், என்றைக்கு மாற்றுவீர்கள் என்று என்னிடம் விசாரித்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் சட்டத்தை மாற்றினோம். எந்தத் துண்டாக இருந்தாலும் ஆணிதான், பசையே கிடையாது. ஐயா தானாகவே சொன்னார். காற்றடிக்கும் நாளில் பலகை முழுக்கக் காகிதம் படபடவென்று அடித்துக்கொள்ளும், எது பறக்குமோ என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை. நானும் ஒன்று மாற்றிக்கொண்டேன். ஒரு நாளைக்குக் கவலைகள் எத்தனை வந்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்குப் பதில் கிடைக்கும்வரை விடமாட்டேன். மற்றதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வதும் அதுபோல ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் காட்டிய திரையில், கட்டுரையின் சூடான வரிகளை மட்டும் பிடுங்கிச் சின்னப் பெட்டியில் போட்டிருந்தீர்கள். அழகாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியில் 'தெரியவில்லை' என்ற சொல் மட்டும் எங்கேயும் கண்ணில் படவில்லை. எழுதினவர் எங்காவது சொல்லியிருப்பார், தேடி அதையும் போடுங்கள். அதற்காகக் காத்திருக்கிற ஆள் எங்காவது தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.

ரப்பர் கடைசியில் என்ன ஆயிற்று, எந்தப் பாதி பலித்தது என்று கேட்பீர்கள். சில வருடம் முன்பாதி பலித்தது, சில வருடம் பின்பாதி பலித்தது. இரண்டு விதமான வருடங்களிலும் பிள்ளையின் குறட்டைச் சத்தம் தாங்க முடியவில்லை என்று அக்கா என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.